பழுதானால் ஆர் திருத்துறது?

எந்தக் கிராமத்துக்குப் போனாலும் அவர் முதலில் பார்ப்பது கட்டடத்தின் பின்பக்கத்தைத்தான். வாசலில் வரவேற்க ஆட்கள் நிற்பார்கள். உள்ளே கதிரைகளை வரிசையாகப் போட்டு, மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, சோடாப் போத்தல்களை அடுக்கி வைத்திருப்பார்கள். அவர் எல்லோருக்குமாக ஒரு கும்பிடு போடுவார். பிறகு, "ஒருக்காப் பின்பக்கம் பாத்திட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாக நடக்கத் தொடங்கிவிடுவார். ஊர்ப் பெரியவர்களும் கிராம உத்தியோகத்தரும் பின்னால் ஓடுவார்கள்.

பின்பக்கத்தில் அநேகமாக ஒரே மாதிரியான சாமான்கள்தான் கிடக்கும். பெல்ட் அறுந்த மா அரைக்கும் மெஷின். சக்கரம் கழன்ற சிறிய குப்பை வண்டி. ஊசி இல்லாத தையல் மெஷின்கள். மேலே செடி படர்ந்த சோலார் தட்டு. ஒவ்வொன்றிலும் வெளிநாட்டுக் கொடி ஒன்று நிறம் மங்கி ஒட்டியிருக்கும். சில சுனாமிக்குப் பிறகு வந்தவை, சில சண்டை முடிந்த பிறகு வந்தவை. கொரோனாவுக்குப் பிறகு வந்தவற்றின் கொடிகளில் மட்டும் கொஞ்சம் நிறம் மிச்சமிருக்கும்.

"இதில என்ன போனது?" என்று கேட்பார்.

"மோட்டர் மிஸ்."

"திருத்தேலாதே?"

"அந்த மோட்டர் இங்க இல்லையாம்."

"அப்ப ஆர் திருத்துறது?"

 பதிலுக்கு அவர் காத்திருப்பதில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்பக்கம் வந்து, தனக்குப் போட்ட கதிரையில் உட்கார்ந்து, "சரி, கூட்டத்தைத் தொடங்குங்கோ" என்பார்.

திருகோணமலை மாவட்டத்தில் ஒரு பிரதேசத்தின் திட்டமிடல் அதிகாரியாக அவர் இருந்தார். வெளிநாட்டு உதவிக்காரர்கள் வரும்போது மொழிபெயர்ப்பது என் வேலை. கொரோனா ஓய்ந்ததிலிருந்து அவர் மாற்றலாகிப் போகும்வரை அநேகமான பயணங்களில் அவருடைய வாகனத்தின் பின் இருக்கையில் நான் இருந்தேன். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இன்னும் சேவையில் இருக்கிறார். கந்தோரில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் வழங்கிய பெயர் "ஆர் திருத்துறது மிஸ்".

அந்தப் பெயரைப் பிரியத்தோடு சொன்னவர்கள் குறைவு. ஒருமுறை கந்தோருக்கு ஒரு பெரிய போட்டோக்கொப்பி மெஷின் இனாமாக வந்தது. அதற்கு ஊற்றுகிற மை கொழும்பிலும் கிடைக்காது என்று அறிந்ததும் அவர் பெட்டியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார். அதன்பிறகு பல மாதங்கள் ஊழியர்கள் கடிதக் கட்டுகளோடு வெயிலில் றோட்டைக் கடந்து எதிர்க் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். "இவ தானும் சொகுசா இருக்கமாட்டா, எங்களையும் இருக்கவிடமாட்டா" என்று ஒரு லிகிதர் அவருடைய காதில் விழும்படியாகவே சொன்னார். அதிகாரி அடுத்த கடிதத்தைக் கையில் எடுத்தார். அவருடைய சொந்த அறையில் ஏசி பழுதாகி வருடக்கணக்காயிருந்தது. புதியதற்கு விண்ணப்பிக்காமல், வண்ணம் பூசி ஒட்டிப்போன ஜன்னல்களை ஒரு தச்சரைக் கொண்டு நெம்பித் திறந்து வைத்திருந்தார். துறைமுகப் பக்கத்துக் காற்று நேரே உள்ளே வந்தது. மேசையில் கடிதங்களுக்கு மேல் கடற்கரைக் கற்கள்.

அவருக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் கூட்டங்களில் ஒரு சொல்லும் ஆங்கிலத்தில் பேசமாட்டார். நான் மொழிபெயர்க்கும்வரை காத்திருப்பார். ஒருநாள் வாகனத்தில் காரணம் கேட்டேன்.

"நான் இங்கிலீசில கதைச்சா எனக்கும் அவைக்கும் மட்டும்தான் தம்பி விளங்கும். சுத்தி இருக்கிற சனத்துக்கு விளங்காது. தங்கட தலையெழுத்தைப் பற்றித்தான் கதை போகுதெண்டு அதுகளுக்குத் தெரிய வேண்டாமே?" என்றார். பிறகு, "அதோட, நீங்கள் கதைக்கேக்க எனக்கு யோசிக்க நேரம் கிடைக்குது" என்றும் சொன்னார்.

கொரோனா முடிந்த கையோடு நிலாவெளிப் பக்கம் ஒரு கடற்கரை ஹோட்டலில் பெரிய கூட்டம் நடந்தது. சுற்றுலாக்காரர் இல்லாமல் ஹோட்டல் வெறிச்சோடிக் கிடந்த காலம். நீச்சல் குளத்தில் தண்ணீர் இல்லை. வறிய நாடுகள் கொரோனாவுக்குப் பிறகு எப்படி நிலைபேறான வழியில் எழும்பவேண்டும் என்பதுதான் கூட்டத்தின் விடயம். உதவி நிறுவனத்தின் சார்பில் வந்த வெளிநாட்டு அம்மா மென்மையாகப் பேசுகிறவர், உண்மையான அக்கறை உள்ளவர். திரையில் ஒரு படம் காட்டினார். சோலார் கூரையோடு நீல நிறத்தில் ஒரு கொள்கலன். உப்புத் தண்ணீரை ஒரு பக்கம் விட்டால், உள்ளே இருக்கிற வெளிநாட்டு வடிகட்டி வழியாக மறுபக்கம் நல்ல தண்ணீர் வரும். கிணறெல்லாம் உவர்ந்துபோன ஒரு கரையோரக் கிராமத்துக்கு அதைத் தர விரும்பினார்கள்.

அறையில் கைதட்டினார்கள். இவர் கையை உயர்த்தினார்.

"நல்ல சாமான். பழுதானா ஆர் திருத்துறது எண்டு கேளுங்கோ தம்பி."

கேட்டேன். முதல் சில வருடங்கள் கம்பனியே பராமரிக்கும் என்று பதில் வந்தது.

"அதுக்குப் பிறகு?"

"அதன்பிறகு அரசாங்கம் பொறுப்பேற்கும்" என்றார் அந்த அம்மா.

"அரசாங்கம் எண்டா ஆர்? அந்த ஊருக்கு நான்தானே அரசாங்கம்? அந்த வடிகட்டி வாங்க என்னட்ட டொலர் இல்லையெண்டு சொல்லுங்கோ."

அறையில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து தன் பிரதேசத்துக்கு அவர் ஒரு விதி வைத்துக்கொண்டார். உதவியாக வருகிற எந்தச் சாமானுக்கும் உதிரிப்பாகம் திருகோணமலை பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் கிடைக்கவேண்டும். அதைத் திருத்தத் தெரிந்த ஒருவர் அந்த ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருக்கவேண்டும். இல்லையென்றால் வேண்டாம். மேலதிகாரிகள் அதை ஒரு பகிடியாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் தடுக்கவில்லை.

அந்தக் கரையோரக் கிராமம் குச்சவெளிக்கும் அப்பால். மீன்பிடிக்கிற முஸ்லிம் சனம். கோடையில் கிணற்றுத் தண்ணீரில் குளித்தால் தலைமயிர் ஒட்டிக்கொள்ளும். குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வரும், வராமலும் விடும். ஊரின் மாதர் சங்கத் தலைவி றஹீமா. கருவாடு போட்டு விற்கிறவர், முகத்துக்கு நேரே பேசுகிறவர். நீலக் கொள்கலனைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே செய்தி போயிருந்தது.

ஊர் மண்டபத்தில் எங்கள் அதிகாரி நிதானமாக விளக்கினார். கொள்கலனுக்குப் பதிலாக வீட்டுக்கு வீடு சீமெந்துத் தாங்கி கட்டலாம். மாரியில் கூரையில் விழுகிற மழைத்தண்ணீரை அதில் பிடித்து வைக்கலாம். வெடித்தால் ஊர் மேசனே பூசிவிடுவார்.

றஹீமா எழுந்தார்.

"மிஸ், உங்கட வீட்டுல என்ன தண்ணி?"

"குழாய்த் தண்ணி."

"அது பழுதாகிறல்லயா?"

"பழுதாகும்."

"அப்ப எங்களுக்கு மட்டும் ஏன் மிஸ் பழுதாகாத சாமான்? பழுதாகிற சாமான நாங்களும் ஒருக்காப் பாவிச்சுப் பாக்கிறமே."

மண்டபம் சிரித்தது. பெண்கள் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதிகாரியின் முகம் மட்டும் இறுகியது. "பழுதாகிற அண்டைக்கு நீங்கள்தான் அழவேண்டி வரும்" என்றார்.

"அழுறது எங்களுக்குப் பழக்கம்தானே" என்று சொல்லி றஹீமா உட்கார்ந்தார்.

எங்கள் அதிகாரி தன் முடிவை மாற்றவில்லை. தாங்கிகள் கட்டப்பட்டன. நீலக் கொள்கலன் தெற்கே தோப்பூர்ப் பக்கத்தில் வேறொரு கிராமத்துக்குப் போனது. அங்கே பட்டாசு கொளுத்தி வரவேற்றதாகச் சொன்னார்கள். அந்த வருடத்து மாரி நன்றாகப் பெய்தது. றஹீமாவின் ஊரில் தாங்கிகள் கழுத்துவரை நிரம்பின. நாங்கள் போனபோது றஹீமா மழைத்தண்ணீரில் தேத்தண்ணி போட்டுத் தந்தார். "ருசிதான்" என்று ஒத்துக்கொண்டார். 

பிறகு நாட்டில் டொலர் இல்லாமல் போன காலம் வந்தது. எரிபொருளுக்கு மைல் நீள வரிசை. கடைகளில் பால்மா இல்லை, மருந்து இல்லை. எங்கள் மாவட்டத்தில் மோட்டர்களும் மெஷின்களும் ஒவ்வொன்றாக நின்றன. திடீரென்று அவருடைய விதி எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. பகிடி பண்ணியவர்களே அவரைக் கூட்டங்களுக்கு அழைத்துப் பேசச் சொன்னார்கள். "மிஸ் அண்டைக்கே சொன்னவா" என்று லிகிதர்களும் சொல்லத் தொடங்கினார்கள்.

தோப்பூர்ப் பக்கத்துக் கொள்கலனும் நின்றுபோனது. வடிகட்டி மாற்றவேண்டும், இறக்குமதி இல்லாததால் கம்பனியும் கைவிரித்துவிட்டது. அந்தச் செய்தியை அவரிடம் நான்தான் கொண்டுபோனேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்துப் போனேன் என்றே சொல்லவேண்டும். அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அங்க சனம் இப்ப என்ன தண்ணி குடிக்குது?"

எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் கந்தோர் வாகனத்துக்கு டீசல் இல்லாததால் பஸ்ஸில் ஏறி அவரே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அது அவருடைய பிரதேசம்கூட இல்லை. சனம் பழைய வாய்க்கால் ஓரக் கிணற்றுக்குத் திரும்பிவிட்டதாம். அதன்பிறகு பல நாட்கள் அந்த வடிகட்டிக்காக அவர் கொழும்புக்கும் வேறு இடங்களுக்கும் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்ததைத் திறந்த ஜன்னல் வழியே கேட்டேன். கிடைக்கவில்லை.

அதற்கு அடுத்த மாரி பொய்த்தது. கார்த்திகையில் வானம் இருண்டுகொண்டு வரும், காற்று வந்து கலைத்துவிடும். கோடை தொடங்கிச் சில வாரங்களிலேயே றஹீமாவின் ஊரிலிருந்து அழைப்புகள் வந்தன. தாங்கிகளின் அடியில் சேறுதான். பவுசருக்கு டீசல் பங்கீடு. வருகிற நாளும் வராத நாளும் ஒன்றாகிவிட்டது. எங்கள் அதிகாரி எரிபொருள் டிப்போவுக்கு நேரே போய் நின்று பவுசருக்கு டீசல் வாங்கிக் கொடுத்தார். முதல் பவுசரோடு தானும் ஊருக்குப் போனார். நானும் போனேன். அன்று வெளிநாட்டுக்காரர் யாரும் இல்லை, எனக்கு அங்கே வேலையும் இல்லை. ஆனாலும் "வாறீங்களே தம்பி?" என்று கேட்டார். முதன்முறையாக அவருடைய குரலில் தயக்கம் தெரிந்தது.

பவுசரைச் சுற்றிப் பெண்கள் கலன்களோடு முண்டியடித்தார்கள். சிலர் அவரைப் பார்த்துச் சத்தம் போட்டார்கள். கொள்கலன் தங்கள் ஊருக்கு வந்திருக்கவேண்டியது, இந்த மனுசி தடுத்துவிட்டா என்று ஒரு கிழவர் பொல்லைத் தரையில் தட்டித் தட்டிச் சொன்னார்.

"அந்த மெஷின் இப்ப அங்க நிண்டுபோச்சு ஐயா. வடிகட்டி இல்லை" என்றார் அவர்.

றஹீமா கலனை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். அன்று அவர் சிரிக்கவில்லை.

"தெரியும் மிஸ். நிண்டுபோச்சுதான். நிக்கும்வரைக்குமாவது அந்த ஊர்ப் புள்ளைகள் நல்ல தண்ணி குடிச்சிச்சு." பின்னால் திரும்பித் தன் வீட்டுச் சுவரோரம் நின்ற சீமெந்துத் தாங்கியைக் காட்டினார். "எங்கட தாங்கி பழுதாகவே இல்ல. நீங்க சொன்ன மாதிரித்தான். வெடிப்பு ஒண்டுமில்ல. வெறுமையாக் கிடக்கு."

அதிகாரி அந்தத் தாங்கிக்குக் கிட்டப் போனார். மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தார்.  மூடியைத் திரும்ப வைத்துவிட்டு, பவுசர் காலியாகும்வரை ஒரு ஓரமாக நின்றார். யாரும் அவருக்குக் கதிரை போடவில்லை.

திரும்பி வரும் வழியில் ஊர்கள் கடந்து போயின. நகரத்துக்குக் கிட்ட வந்தபோது அவர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்தப் பிள்ளை றஹீமா தாங்கியைப் பற்றிச் சொன்னதை இங்கிலீசில எப்பிடிச் சொல்லுவீங்கள்?"

சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அதே வசனத்தை ஆங்கிலத்தில் ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது.

சில வாரங்களுக்குப் பிறகு மாவட்டத்தின் கூட்டம். அந்த வெளிநாட்டு அம்மாவும் வந்திருந்தார். மலிவான, நிலைத்து நிற்கக்கூடிய திட்டங்களுக்கு எங்கள் அதிகாரியின் பிரதேசம்தான் முன்மாதிரி என்று திரையில் காட்டினார்கள். றஹீமாவின் ஊர்த் தாங்கிகளின் படமும் வந்தது. நிரம்பியிருந்த காலத்தில் எடுத்த படம். அவரைப் பேச அழைத்தார்கள். நான் வழக்கம்போல அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்து, ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார்.

 அவருக்கு ஆங்கிலம் தெரியும் என்பது அங்கிருந்த பலருக்குத் தெரியாது. ஒரு வசனம் முடித்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்த முறை நான் தமிழில் சொல்லவேண்டியிருந்தது.

"அந்தத் தாங்கிகள் பழுதாகவில்லை. வெறுமையாக இருக்கின்றன."

பிறகு அவர் சொன்னவற்றையும் நான் தமிழில் சொன்னேன். தான் இவ்வளவு காலமும் பாதிக் கேள்வியைத்தான் கேட்டுவந்ததாகச் சொன்னார். பழுதானால் திருத்த முடியுமா என்று கேட்டதாகவும், சனத்துக்குப் போதுமா என்று கேட்கத் தவறியதாகவும் சொன்னார். வறிய நாடு என்பதால் எங்களுக்கு மலிவானது போதும் என்று வெளியில் உள்ளவர்கள் நினைப்பது ஒன்று, நாங்களே நினைக்கப் பழகிவிட்டது இன்னொன்று. இரண்டாவதற்குத் தானும் ஒரு காரணம் என்றார். "என் பிரதேசத்தை முன்மாதிரியாகக் காட்டவேண்டாம். அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்."

மேசையின் தலைப்பக்கத்தில் இருந்த பெரிய அதிகாரி தண்ணீர்க் குவளையைத் தூக்கினார், திரும்ப வைத்தார். படம் திரையிலேயே நின்றது. அதை எடுக்கவேண்டியவர் யார் என்று யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் அதிகாரி கேட்டது குடிதண்ணீர்க் குழாய். பெரிய குழாய் கரையோர வீதி வழியே ஓரளவு தூரம் வந்து நின்றுவிட்டிருந்தது. அங்கிருந்து றஹீமாவின் ஊர்வரை நீட்டவேண்டும். செலவு அதிகம் என்று பல வருடங்களாகக் கிடப்பில் கிடந்த யோசனை. செலவு அதிகம்தான், ஆனால் ஒருமுறைதான் என்று அவர் வாதாடினார். தங்கள் நிதி புதிய பசுமைத் தொழில்நுட்பத்துக்கு மட்டும்தான், பழைய மாதிரிக் குழாய்க்கு இல்லை என்றார் அந்த அம்மா. குழாய் பழையதாக இருக்கலாம், அந்த ஊருக்கு அது புதிது என்றார் இவர். கூட்டம் முடிந்து எல்லோரும் சாப்பிடப் போன பிறகும் இருவரும் ஜன்னலோரம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை.

அது உடனே நடக்கவில்லை. நிதியில் ஒரு பகுதியை உதவி நிறுவனம் தந்தது, மிச்சத்துக்கு அவர் மாவட்ட அலுவலகமான கச்சேரிக்கும் கொழும்புக்குமாக அலைந்தார். குழாய் புதைக்கக் கான் வெட்டுகிற வேலையை ஊர்ச் சனம் எடுத்துக்கொண்டது. கடலுக்குப் போகாத நாட்களில் ஆண்கள் வெட்டினார்கள், போன நாட்களில் பெண்கள் வெட்டினார்கள். றஹீமா கருவாட்டுப் பந்தலை விட்டுவிட்டு மண்வெட்டியோடு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் அதிகாரி வெயிலில் குடையோடு கான் நெடுக நடந்து ஆழத்தைப் பார்ப்பார். இருவருக்கும் இடையில் பேச்சு இவ்வளவுதான். "இன்னும் கொஞ்சம் தோண்டுங்கோ" என்பார் ஒருவர். "கல்லு மிஸ்" என்பார் மற்றவர்.

குழாய் போட்டு முடிவதற்குள் அவருக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வந்தது. அந்தக் கூட்டத்தில் பேசியதற்குத்தான் என்று சிலர் சொன்னார்கள். வழமையான மாற்றல்தான் என்று வேறு சிலர். அவரிடம் கேட்டேன். "எங்க போனாலும் சம்பளம் ஒண்டுதானே" என்று சொல்லி மேசையைத் துப்புரவாக்கினார்.

திறப்பு விழாவுக்கு அந்த வெளிநாட்டு அம்மா வந்திருந்தார், ஒரு அரசியல்வாதியும் வந்தார். நாடா வெட்டினார். கல்வெட்டில் பல பெயர்கள் இருந்தன, எங்கள் அதிகாரியுடையது இல்லை. அழைப்பிதழும் போகவில்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் அவர் வந்திருந்தார். தனியாக, பஸ்ஸில், அதிகாலையில் புறப்பட்டு. பெண்களின் வரிசையில் பின்னால் உட்கார்ந்திருந்தார். நான் மேடையில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அவரைக் கண்டேன்.

பேச்சுக்கள் முடிந்ததும் றஹீமா பொதுக் குழாயில் ஒரு கிளாஸ் தண்ணீர் பிடித்து நேரே அவரிடம் கொண்டுபோனார். மேடையில் இருந்தவர்களுக்கு இன்னும் கொடுத்திருக்கவில்லை. அவர் வாங்கிக் குடித்தார்.

"எப்பிடி மிஸ்?"

"குளோரின் கொஞ்சம் கூடிப்போச்சு."

றஹீமா வாய்விட்டுச் சிரித்தார். "தேத்தண்ணிக்கு நாங்க மழைத்தண்ணிதான் மிஸ். தாங்கிய உடைக்கல்ல."

"உடைக்காதேங்கோ" என்றார் அவர். கிளாஸைத் திருப்பிக் கொடுக்கும்போது றஹீமாவின் கையைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டார். காய்த்துப்போன கை.  பிறகு அவருடைய கண்கள் கூட்டத்தில் யாரையோ தேடின.

"அந்த அம்மா வெளிக்கிட்டிட்டாவா தம்பி?"

வெளிநாட்டு அம்மா வாகனத்தில் ஏறிக்கொண்டிருந்தார். இவர் மணலில் வேகமாக நடந்துபோய், மூடப்போன கதவைப் பிடித்துக்கொண்டார். நான் பின்னால் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டிருந்தார். தோப்பூர்ப் பக்கத்தில் நிற்கிற கொள்கலனைப் பற்றித்தான் கதை. இப்போது இறக்குமதி திறந்துவிட்டது, வடிகட்டி வருகிறது. அதோடு அந்த ஊரிலிருந்தே இரண்டு பேரைக் கொழும்புக்குக் கூட்டிப்போய் வேலை பழக்கவேண்டும். அந்த ஊர் தன்னுடைய பிரதேசத்தில் இல்லை, இப்போது இந்த மாவட்டமே தன்னுடையது இல்லை, ஆனாலும் கேட்பதாகச் சொன்னார். வாகனச் சாரதி எஞ்சினைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கரையோர வீதியில் திருகோணமலைக்குப் போகிற பஸ் வந்து நின்றது.

"மிஸ், உங்கட பஸ்!" என்று றஹீமா குழாயடியிலிருந்து கூப்பிட்டார். "இதுக்குப் பிறகு இல்ல மிஸ்!"

நடத்துநர் இரண்டு தரம் விசிலடித்தார். பஸ் புறப்பட்டுப் போனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, கதவிலிருந்து கையை எடுக்கவும் இல்லை. சற்று நேரத்தில் அந்த அம்மா சாரதியிடம் எஞ்சினை நிறுத்தச் சொன்னார்.